பெயர் சொல்லாமல் ஒரு படம்

எங்கள் போட்டோ கூட்டத்தில் 'சூப்பர்' என்ற சொல்லுக்குத் தடை. வாய் தவறி அதைச் சொன்னவர் அன்றைக்கு எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். ஆளுக்கு வாரம் ஒரே ஒரு படம். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அதை டியூஷன் மாஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். அவர் பெயரை எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் டியூஷன் சென்டர் சுவரில் புரொஜெக்டர் வைத்துக் காட்டுவார். படம் எடுத்தவர் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருப்பார். எல்லாப் படத்தையும் காட்டி, கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை தன் படத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கக் கூடாது. தன் பிள்ளையை ஊரே திட்டும்போது சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

எனக்குக் கல்மண்டபத்தில் மெடிக்கல் ஷாப். சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்பவர்களோடு வாரம் முழுக்க மல்லுக்கட்டுகிறவன். பொறுமை என்பது என் கடையில் ஸ்டாக் இல்லாத சரக்கு என்று என் மனைவி சொல்வாள். அப்படிப்பட்ட நான் ஞாயிறு காலையில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு, துறைமுகத்தில் கிரேன் ரிப்பேர் பார்க்கும் ஒரு மெக்கானிக் என் படத்தைக் கிழி கிழியென்று கிழிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதுதான் இன்னும் எரிச்சல். ஆனாலும் சொல்கிறேன், அந்த மனிதர்களைப்போல ஒரு படத்தை உட்கார்ந்து பார்க்கிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதில் காசு பண்ணும் எண்ணம் ஒருவருக்கும் கிடையாது. பார்ப்பதற்காகவே பார்க்கிறவர்கள்.

அவர்களிலும் தனி ரகமாக ஒருத்தி உண்டு. துறைமுகம் பக்கத்தில் ஒரு சரக்கு கிளியரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிற பெண். பழைய கேமரா ஒன்றை யாரிடமோ வாங்கி வைத்திருந்தாள். அதன் மூடியை ரப்பர் பேண்ட் போட்டுத்தான் பிடித்து வைக்க வேண்டும். ஞாயிறு விடிகிற நேரத்தில் காசிமேட்டில் இறங்கிவிடுவாள். அங்கே நகரத்தின் மறுகோடியிலிருந்து பெரிய பெரிய லென்ஸ்களோடு வருகிறவர்கள் தூரத்தில் நின்று சுட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவள் நேரே மீன்காரம்மாவிடம் போய், "எடுத்துக்கட்டுமாக்கா" என்று கேட்பாள். அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் நிற்பாள். இவள் எடுக்கமாட்டாள். கேமராவை இறக்கிவிட்டு வஞ்சிரம் என்ன விலை என்று ஆரம்பிப்பாள். பேரம் சூடு பிடித்து, அந்த அம்மா கையை ஓங்கி இவளுடைய பரம்பரையையே இழுக்கிற நேரத்தில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தப் படங்களில் இருக்கும் முகங்கள் நம்மை நிமிர்ந்து பார்க்கும். பரிதாபத்துக்கு அங்கே இடமே இருக்காது. எனக்கு அவள் மேல் பொறாமையும் உண்டு, மரியாதையும் உண்டு. மரியாதைதான் கொஞ்சம் ஜாஸ்தி.

போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெற்கத்திக்காரர்கள், திருவொற்றியூரில் நன்றாக ஓடும் மளிகைக் கடை. பையனும் படித்தவன், கடையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். ஜாதகம், பெண் பார்த்தது, பூ வைத்தது எல்லாம் முடிந்து ஒரே ஓர் இடத்தில் முட்டிக்கொண்டது. மளிகைக் கடைக்கு ஞாயிறு காலைதான் திருவிழா. கறி எடுத்தவனும் மீன் வாங்கியவனும் மசாலாவுக்கும் தேங்காய்க்கும் அங்கேதான் வந்து நிற்பான். அந்த நேரத்தில் கல்லாவில் வீட்டுப் பெண்தான் உட்கார வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இத்தனை வருஷம் பையனின் அம்மா உட்கார்ந்தார், இனி மருமகள். இவளோ ஞாயிறு காலையில் மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டாள். அப்படி ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்கிறீர்கள் என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறான். வந்து பாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டாள்.

எங்களிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த வாரம் ஒருத்தர் வருவாருண்ணா. எப்பவும் பேசுற மாரியே பேசுங்க, போதும்."

போதுமாவது. அவள் அந்தப் பக்கம் போனதும் மெக்கானிக் எனக்குப் போன் போட்டார். "மாமு, இது அந்தப் பொண்ணு வாழ்க்க விஷயம். அன்னிக்கி அது படத்த நம்ம தூக்கி நிறுத்தணும்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். மற்றவர்களையும் ஒருவர் ஒருவராகப் பிடித்தோம். டியூஷன் மாஸ்டரிடம் மட்டும் சொல்லவில்லை, சட்டத்தை மீறினால் புரொஜெக்டரையே அணைத்துவிடும் ஆசாமி. சரி, பெயர் இல்லாமல் வரும் படங்களில் அவளுடையதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதெல்லாம் ஒரு கேள்வியா என்றுதான் நினைத்தோம். கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு? அவள் கை எங்களுக்குத் தெரியாதா என்ன?

அந்த ஞாயிறு மாப்பிள்ளை வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, அடக்கமான முகம். வந்தவர் யாராயிருந்தாலும் ஒவ்வொரு படத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்று மாஸ்டர் சட்டத்தை எடுத்துச் சொல்லி, கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்.

கடைசிக்கு முந்தி வந்த படத்தைப் பார்த்ததும் மெக்கானிக் என் தொடையைக் கிள்ளினார். காசிமேடு. ஐஸ் கட்டிக்குமேல் இளம் வெயில். மீன்காரம்மா ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு சிரிக்கிறார். அவ்வளவுதான், அவிழ்த்துவிட்டோம். வெளிச்சம் என்ன, தைரியம் என்ன, எடுத்தவருக்கு இந்தக் கலையில் இருக்கும் எதிர்காலம் என்ன என்று நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். மெக்கானிக் 'சூப்பர்' என்று மூன்று முறை சொன்னார், பஜ்ஜி பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. மாஸ்டர் மட்டும் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். சாக்பீஸ் தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்து, கடைசியாக வந்தது ஒரு மளிகைக் கடைப் படம். முன்னால் வாடிக்கையாளர்களின் தலைகளும் நீட்டிய கைகளும். மேலேயிருந்து ஷாம்பூ பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. அந்தச் சரங்களின் இடுக்கில் ஓர் அம்மாளின் முகம். ஒரு கை கல்லாவுக்குள் இருக்கிறது, கண் மட்டும் ஆட்களைத் தாண்டித் தெருவைப் பார்க்கிறது. இதைத் திட்டினால் முந்தைய படம் இன்னும் உசத்தியாகத் தெரியும் என்று எங்கள் மூளை வேலை செய்தது. எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை என்றேன் நான். சாமான் வாங்கப் போன இடத்தில் பொழுது போகாமல் எடுத்தது என்றார் மெக்கானிக். வெளிச்சம் இல்லை, அமைப்பு இல்லை, ஒன்றுமே இல்லை என்று ஆளாளுக்கு ஒரு கல்லை எறிந்தார்கள். அவள் முன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாக மாப்பிள்ளையின் முறை. அவன் எழுந்து நின்றான். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்ட முடியுமா என்று மாஸ்டரிடம் கேட்டான். மாஸ்டர் பெரிதாக்கினார். சுவர் முழுக்க அந்த முகம்.

"இது எங்க அம்மா" என்றான்.

நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து என் வாயிலேயே அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. அவன் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை, எங்களை அவன் பார்க்கவே இல்லை.

"நான் எப்பவும் கடைக்கு உள்ளதான் நிப்பேன், சரக்கு எடுத்துக் குடுத்துக்கிட்டு. அங்கேருந்து பாத்தா அம்மாவோட முதுகுதான் தெரியும். ஞாயித்துக்கிழம காலையில அம்மா மொகம் இப்டி இருக்கும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

எல்லோரும் பேசியாகிவிட்டது. சட்டப்படி இனி எடுத்தவர் பேசலாம். அவள் எழுந்தாள். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் முழுதாக உறைத்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்திருந்தோம். காசிமேட்டுப் படம் மாஸ்டருடையது என்பது பிறகு அவர் வாயாலேயே தெரிந்தது. அவளுடைய படங்களைப் பார்த்துப் பார்த்து அவளைப்போல ஒன்றாவது எடுக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் அலைந்து எடுத்ததாம். நாங்கள் அவள் எடுத்தது என்று எண்ணிப் புகழ்கிறோம் என்பது அந்த மனிதருக்கு மட்டும் தெரியும், சொல்ல முடியாது. அந்தப் பாவத்துக்குத்தான் அவ்வளவு இருமல்.

"போன ஞாயித்துக்கிழம இங்க வர்றதுக்கு முன்னாடி ஒங்க கடைக்கு வந்தேன்" என்று அவள் அவனைப் பார்த்துச் சொன்னாள். "நாளைக்கி நான் ஒக்காரப் போற எடம் அது. ஒக்கார்றதுக்கு முன்னாடி வெளிய நின்னு ஒரு தபா பாத்துடலாம்னு தோணுச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கேட்டுட்டுதான் எடுத்தேன். 'எடுத்துக்கோ, ஆனா என்னால எந்திக்க முடியாதும்மா, கூட்டம் நிக்குல்லா'ன்னாங்க."

அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த நேரத்தில் திருவொற்றியூரில் அந்த அம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிள்ளை இங்கே வந்துவிட்டதால் அன்றைக்கு அவருக்குச் சுமை இரண்டு மடங்கு.

கூட்டம் கலைகிற நேரத்தில் அவளிடம் மன்னிப்பு கேட்கப் போனோம். நல்லதுக்குத்தான் செய்தோம் என்று மெக்கானிக் இழுத்தார். அவள் எங்களைத் திட்டியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, "நீங்கல்லாம் என்னப் பத்திப் பேசினீங்கண்ணா. அவரு ஒருத்தருதான் படத்தப் பத்திப் பேசினாரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாங்கிய அடிகளில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. அதை அவள் சிரித்தபடி கொடுத்ததால் அவள் மேல் எனக்கிருந்த மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது. அத்தனை பேர் அத்தனை பேசியும் தன் படத்துக்காக அவள் ஒரு வார்த்தை வாதாடவில்லையே. அந்தப் படத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

வாசலில் அவன் காத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இனி கல்லாவில் தான் உட்கார்ந்துகொள்வதாகவும், சரக்கு எடுத்துக் கொடுக்க ஓர் ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் அவளிடம் சொன்னான். எங்களுக்கெல்லாம் கை தட்டலாம் போலிருந்தது. அவள் மட்டும் உடனே தலையாட்டவில்லை.

"அப்ப அத்தைக்கு?" என்று கேட்டாள். "நான் எனக்கு வோணும்னு வாய் தொறந்து கேட்டேன். அவங்களுக்கு இன்னா வோணும்னு ஒங்க வூட்ல யாராச்சும் கேட்டாங்களா?"

கேட்டதில்லை என்று அவன் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டான்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. ஞாயிறுகளில் அவள் வழக்கம்போலக் காசிமேட்டில் இறங்குகிறாள், படத்தோடு எங்களிடம் வருகிறாள். மாஸ்டரும் விடாமல் அவளைப்போல எடுக்க முயன்றுகொண்டிருக்கிறார். நான் ஒரு நாள் அவளிடம், மாப்பிள்ளை அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டாரா, என்ன பதில் வந்தது என்று விசாரித்தேன். கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு விட்டால் என்னம்மா செய்வாய் என்று பிள்ளை கேட்டானாம். கோயிலுக்குப் போவேன் என்றோ, தங்கச்சி வீட்டுக்குப் போவேன் என்றோ சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறான்.

"வெயில் மேல படுற வரைக்கும் படுத்துக் கெடக்கணும்யா" என்றாராம். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இருக்குற ஆச."