விறாந்தையில் விரித்த பாய்

எங்கள் வீட்டில் ஒரு பழைய பன்பாய் இருக்கிறது. அதன் ஓரங்கள் பிய்ந்து, என் மனைவி துணி வைத்துத் தைத்திருக்கிறாள். கந்தசஷ்டி தொடங்கும் காலையில் அவள் அதை உதறி, வெயில் இருந்தால் வெயிலில் போட்டு, பிறகு வீட்டு முன் விறாந்தையில் சுவரோரமாக விரித்துவிடுவாள். விரதம் முடியும்வரை எனக்குப் படுக்கை அங்கேதான். எங்கள் ஊரான சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் விரதம் பிடிக்கிற வீடுகளில் புருஷனும் பெண்சாதியும் அந்த நாட்களில் வேறு வேறாகத்தான் படுப்பார்கள். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து பேசுவதில்லை. பாய் இடம் மாறும், அவ்வளவுதான்.

இந்தப் பாயைப் பற்றி எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "ஒருத்தற்றை பேரும் போடாமல் எழுதுங்கோ" என்றாள். மகளிடமும் கேட்டேன். "எழுதுங்கோ அப்பா" என்றாள். நான் அதிகம் படித்தவனல்ல. புகையிலையும் மிளகாயும் நட்டுப் பிழைத்தவன். பிழை இருந்தால் முருகனும் வாசிக்கிறவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் ஆவணியில் கலியாணம் முடித்தோம். அந்த ஐப்பசியிலேயே கந்தசஷ்டி வந்தது. மனைவி தொண்டைமானாற்றுப் பக்கத்துப் பெண். சந்நிதி முருகன் கோயில் மணி கேட்டு வளர்ந்தவள். விரதம் என்றால் அவளுக்கு விளையாட்டு அல்ல. முதல்நாள் காலையிலேயே என் பாய் விறாந்தைக்கு வந்துவிட்டது. நானும் சந்தோஷமாகத்தான் படுத்தேன். சூரன் போர் பார்த்து, அடுத்த நாள் பாரணையும் முடித்து, வடை பாயாசத்தோடு வயிறு நிறையச் சாப்பிட்டோம். பின்னேரம் நான் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் கொண்டுபோய் அங்கையே வையுங்கோ."

"விரதம் முடிஞ்சுதெல்லே?"

"முருகனுக்கு முடிஞ்சுது. எனக்கு இன்னும் களைப்பு முடியேல்லை."

அவள் மடித்த சீலையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. "பாயை வெளியிலை வைச்சது நான்தானே. உள்ளுக்கு எடுக்கிறதையும் நான் எடுக்கிறன்" என்றாள்.

எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் திரும்பிப் போய்ப் படுத்தேன். விடிய, ஒழுங்கைக்கு எதிர்ப் பக்க வீட்டிலிருந்து மண்வெட்டி கேட்டு வந்த என் அண்ணை என்னை விறாந்தையில் கண்டுவிட்டார்.

"என்னடா, ஊரெல்லாம் பாரணை முடிச்சிட்டுது. உனக்கு மட்டும் சூரன் இன்னும் சாகேல்லையோ?"

நான் எழும்பிப் பாயைச் சுருட்டுவதற்குள் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அவள் குரல் வந்தது. "அவருக்கு விறாந்தைக் காத்துப் பிடிச்சுப்போச்சாம், அத்தான்!"

அண்ணை சிரித்த சிரிப்பு ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். அவர் சாகும்வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி என்னை வாரினார். இப்போது அவர் இல்லை. அந்தப் பகிடியைச் சொல்ல ஆளில்லாதது எனக்கு ஒரு குறையாகத்தான் இருக்கிறது.

சில நாள் கழித்துத் தோட்டத்தால் வந்து, கையில் பிடித்த புகையிலைப் பிசின் போக எலுமிச்சங்காய் தேய்த்துக் கிணற்றடியில் குளித்துவிட்டு ஏறினேன். விறாந்தையில் பாய் இல்லை. அறைக்குள் விரித்திருந்தது. தலையணைக்குத் தோய்த்த உறை போட்டிருந்தது. அவள் ஒன்றும் நடக்காதவள் போல, "தேத்தண்ணி ஆறுது" என்றாள்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இந்த வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது. கேட்டு வாங்கின சந்தோஷம் வேறு, ஒருவர் தானாகக் கொண்டுவந்து தந்தது வேறு. அதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. விரதத்துக்கு மட்டுமல்ல. மகள் பிறந்து உடம்பு தேறாமல் இருந்தபோது பாய் வெளியே வந்தது. அவளுடைய தகப்பன் செத்த துக்கத்தில் வந்தது. என்னோடு கோபம் என்றாலும் வரும். காரணம் தெரியாமலும் வரும். தொடக்கத்தில் ஏன் என்று கேட்க நாக்குத் துடிக்கும். பிறகு பழகிவிட்டது. வீட்டுக்குக் கட்டில் வாங்கின பிறகும் பாயை எறியவில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது சைக்கிள் கரியரில் முருகன் படமும் ஒரு சோற்றுப் பானையும் அந்தப் பாயும்தான் வந்தன. பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றுக்குள் ஐந்தாறு குடும்பம். அவள் என்னைப் பார்த்து, "இஞ்சை எல்லாற்றை பாயும் விறாந்தையிலைதான்" என்று சிரித்தாள். அந்தக் கஷ்டத்திலும் நாங்கள் சிரித்தோம்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் மகளை அரியாலையில் கட்டிக் கொடுத்தோம். நல்ல சைவக் குடும்பம். மாப்பிள்ளை உத்தியோகம் பார்க்கிறவர், வாயில் ஒரு கெட்ட சொல் வராது. கலியாணம் முடிந்து கொஞ்சக் காலத்துக்குள் மகள் பெரிய விரதக்காரியாகிவிட்டாள். வெள்ளிக்கிழமை, சதுர்த்தி, கார்த்திகை, பிரதோஷம், ஏகாதசி என்று ஒன்றும் விடுவதில்லை. சம்பந்தியம்மா எங்களிடம் வாய் நிறையச் சொன்னார். "உங்கடை பிள்ளை வந்து எங்கடை வீடு கோயிலாப் போச்சு." கோயிலில் கண்டவர்களும், பிள்ளையை நல்லாய் வளர்த்திருக்கிறீர்கள் என்றார்கள். எனக்கும் பெருமைதான். மனைவி மட்டும் ஒருநாள் வெற்றிலை மடித்துக்கொண்டு, "எங்கடை வீட்டிலை இருக்கேக்கை வெள்ளிக்கிழமையிலும் மீன் மணத்துக்கு மூக்கை நீட்டினவள்" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மகள் கந்தசஷ்டி பிடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். கேதாரகௌரிக் காப்பு நூல் கையில் இருந்தது. அந்த விரதம் முடிந்த கையோடு இதைத் தொடங்கியிருந்தாள். ஆள் மெலிந்து போயிருந்தாள். பால், பழம், தீர்த்தம் தவிர வேறொன்றும் இல்லை. பாரணை நாள் காலையில் மனைவி அகத்திக்கீரை சுண்டி, பத்துக் கறி வைத்து இலை போட்டாள். மகள் வரவில்லை. சாமியறைக்குள்ளேயே இருந்தாள்.

"பாரணை பண்ணாமல் என்ன விரதம் பிள்ளை? பலிக்காதெல்லே" என்று மனைவி கூப்பிட்டாள்.

"நான் இன்னும் பிடிக்கப்போறன்."

"சூரனே செத்துப்போனான். இன்னும் ஆருக்குப் பிடிக்கிறாய்?"

"பாரணை பண்ணினா அங்கை போகவேணுமெல்லே, அம்மா."

மனைவி கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டுச் சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். என் இலையில் கறிகள் ஆறிக்கொண்டிருந்தன. வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தகப்பனிடம் சொல்லக்கூடியதை மட்டும் சொன்னாள்.

"விரத நாளிலை மட்டும்தானாம் மாப்பிள்ளை இவளைச் சும்மா விடுறவர். மற்ற நாளிலை இவள் ஏலாது எண்டாலும் கேக்கிறதில்லையாம். அழுதாலும் இல்லையாம். அதுக்குத்தான் இவ்வளவு விரதமும்." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "இஞ்சை வாறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை விரதமெண்டும் பாக்கேல்லையாம்" என்றாள்.

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊர் முழுக்க பக்தி என்று புகழ்ந்த விரதம் என் பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள ஒரு மூலையாக இருந்திருக்கிறது. அந்த மூலையும் போய்விட்டது.

அடுத்த நாள் மகளையும் கூட்டிக்கொண்டு, தெரிந்தவர்கள் சொன்ன ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனோம். மகளும் தாயும் உள்ளே கதைத்தார்கள். பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு என் மகளின் வயது இருக்கும். ஒளிக்காமல் சொன்னார்.

"ஐயா, புருஷன் பெண்சாதியின்ரை விருப்பமில்லாமல் செய்தால் எங்கடை சட்டத்திலை அது வல்லுறவுக் குற்றமாகாது. நீதிமன்றம் இரண்டு பேரையும் பிரிச்சுத் தீர்ப்புக் குடுத்திருந்தால்தான் குற்றம். அடிச்சால், வெருட்டினால் பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம். பிரிவுக்கும் வழக்குப் போடலாம். அதுக்குக் காலம் எடுக்கும்."

"அப்ப கலியாணம் எழுதின அண்டைக்கு வைச்ச ஒரு கையெழுத்து எல்லா நாளுக்கும் ஓம் எண்டு சொன்னதாகுமோ, பிள்ளை?"

"சட்டம் இன்னும் அப்பிடித்தான் நினைக்குது, ஐயா. ஆனால் ஒண்டு, அவவைப் பலவந்தமாக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தருக்கும் உரிமை இல்லை. உங்கடை வீட்டிலை இருக்க விடுறீங்களோ?"

என்னை அப்படிக் கேட்க வேண்டி வந்ததே என்று இருந்தது. எத்தனை தகப்பன்மார் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளை அப்படிக் கேட்பார்! "ஓம்" என்றேன்.

வந்த பிறகும் மகள் சாப்பிடவில்லை. பால் மட்டும்தான். இங்கே ஒரு பிடி சோறு தின்றால் விரதம் முடிந்தது என்று யாராவது வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. என் வீட்டிலேயே அவளுக்கு அந்தப் பயம் இருந்தது.

பயந்தது போலவே வந்தார்கள். மாப்பிள்ளையும் தாயும், கிளாக்கர் வேலை பார்த்து ஓய்ந்த அவருடைய பெரியப்பாவும். விறாந்தையில் கதிரை போட்டோம். அந்த வருஷம் என் பாய் பாரணை முடிந்தும் அங்கேயே கிடந்தது. பெரியப்பா அதைக் காலால் ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"விரதம் எண்டு சொல்லிப் புருஷனை ஏமாத்தக் கூடாது" என்று தொடங்கினார். "கோடு கச்சேரி எண்டு போனனீங்களாம். நானும் விசாரிச்சனான். சட்டத்திலை அப்பிடி ஒரு குற்றமில்லை. பிள்ளையை வெளிக்கிடச் சொல்லும்."

மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி குசினி வாசலில் நின்றாள். சாமியறைக் கதவு பாதி திறந்திருந்தது. இப்படியான கதையை நான் அண்ணையோடுகூடப் பகிடியாகத்தான் கதைத்திருக்கிறேன். முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தொடங்கினேன்.

"நீங்கள் காலாலை தள்ளினது என்ரை பாய். பாரணை முடிஞ்சும் உதிலைதான் படுக்கிறன். மனுசி இன்னும் உள்ளுக்கு எடுக்கேல்லை."

"அதுக்கு?"

"கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து நான் ஒருக்காலும் அதை உள்ளுக்கு எடுத்ததில்லை. அவதான் எடுக்கிறவ. அவ எடுக்கும்வரைக்கும் நான் இஞ்சைதான்."

சம்பந்தியம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்தார். பெரியப்பாவுக்கு முகம் சிவந்தது. "என்ன கதை உது, பொம்பிளையளுக்கு முன்னாலை!"

"பொம்பிளையளின்ரை கதைதானே."

"அப்ப சொல்லும், மனுசிக்குப் பயம் எண்டு."

"ஓம், பயந்தான். முருகனுக்கும் பயம், அவவுக்கும் பயம். ரெண்டு பயத்தாலையும் நான் கெட்டுப்போகேல்லை." குசினி வாசலில் வளையல் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "சட்டத்திலை இல்லைத்தான். நானும் கேட்டனான். ஆனா வாசல் படலை என்ரை. பிள்ளை ஓம் எண்டு சொன்னால் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளைக்குப் பதிலா நான் சொல்லமாட்டன். அவவைக் கேளுங்கோ தம்பி."

மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். கேட்க வாய் வரவில்லை. அவர் இதுவரை கேட்டுப் பழகாதவர். கேட்காமலே சாமியறையிலிருந்து பதில் வந்தது.

"நான் வரேல்லை."

சின்னக் குரல்தான், ஆனால் நடுங்கவில்லை. பெரியப்பா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். மாப்பிள்ளையும் பின்னால் போனார். சம்பந்தியம்மா மட்டும் படியில் இறங்கப் போனவர் திரும்பி வந்து, சாமியறை வாசலில் நின்று, "சாப்பிடு பிள்ளை, பட்டினி கிடவாதை" என்று சொல்லிவிட்டு, எங்கள் ஒருவரையும் பார்க்காமல் போனார். போகும்போது பாயை மிதிக்காமல் விலகித்தான் போனார்.

படலைக் கொழுக்கியைப் போட்டுவிட்டு நான் திரும்பியபோது மகள் குசினிக்குள் நின்றாள்.

"அம்மா, சோறு இருக்கோ?"

"பாரணைக்கு அகத்தி வேணுமே பிள்ளை. அது முடிஞ்சுது. முருங்கையிலைதான் கிடக்கு."

"அது காணும்."

நான் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடப் போவதாகச் சொல்லிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். ஏற்கெனவே மழை பெய்து ஈரமாய்க் கிடந்த கன்றுகள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை தண்ணீர் விட்டேன்.

வழக்கு இன்னும் போகிறது. தவணை தவணையாகப் போகிறது. மகள் தையல் பழக்கப் போகிறாள். விரதங்களையெல்லாம் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் மட்டும் பிடிக்கிறாள். பிள்ளைக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று கோயிலில் சிலர் எனக்குச் சொன்னார்கள். நான் சிரித்துவிட்டு விபூதி எடுத்துப் பூசிக்கொண்டேன்.

போன கந்தசஷ்டிக்கு நல்ல மழை. மனைவி வழக்கம்போல விறாந்தையில் பாயை விரித்தாள். சாரல் அடித்தது. எனக்கு இப்போது முழங்கால் நோ, குனிந்து எழும்பக் கஷ்டம். மகள் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா நனையப் போறார். பாயை உள்ளுக்குப் போடட்டோ?" என்றாள்.

"நீ சுவரோரமாத் தள்ளிப் போடு, காணும்" என்றாள் மனைவி. "உள்ளுக்கு எடுக்கிறதை நான் எடுப்பன்."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அண்ணை இருந்திருந்தால் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருந்தே அவருக்கும் கேட்டிருக்கும்.