ஒரே துணியில் மூன்று பாவாடை

புதுத் துணியைப் பிரிக்கும்போது எழும் கஞ்சி மணம் மூக்கில் பட்டால் மற்றவர்களுக்குத் தீபாவளி நினைவுக்கு வரலாம். எனக்கு எட்டு வயதில் படித்த ஆங்கில இலக்கணம்தான் வருகிறது. சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

அப்போது தோ பாயோவில் குடியிருந்தோம். பெரியக்கா, சின்னக்கா, கடைசியில் நான். தீபாவளி நெருங்கினால் அம்மா எங்களைத் தேக்கா கடைத்தெருவுக்கு அழைத்துப்போய், வழக்கமான பாய் கடையில் மூவருக்கும் ஒரே துணியாகக் கிழித்து வாங்கி, மூன்று அளவில் பாவாடை தைக்கக் கொடுப்பார். "மூணு பேரும் ஒண்ணா நின்னா எவ்ளோ லட்சணம்!" என்பார். பார்ப்பவர்களுக்கு லட்சணம்தான், உடுத்துகிற எனக்கல்லவா தெரியும்! என்னுடையது கட்டையானதும் சின்னக்காவுக்குக் கட்டையானது எனக்கு வரும். அதுவும் கட்டையானால் பெரியக்காவினுடையது இரண்டு கை மாறி வந்து சேரும். வீட்டில் அதற்கு "வாரிசுப் பாவாடை" என்று பெயர். அம்மாவுக்குக் கத்திரிப்பூ நிறத்தை விட்டால் வேறு நிறம் கண்ணில் படாது என்பதால், வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கும் கல்யாணங்களுக்கும் நான் ஆண்டு முழுக்கக் கத்திரிப்பூவாகவே போய்வந்தேன். ஒரே ஒருமுறை எனக்குப் பிடித்த கிளிப்பச்சையில் ஒரு பாவாடை வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். ஆனால் கடைக்குட்டியை யார் கேட்டார்கள்?

அந்த ஆண்டுதான் ஆங்கில ஆசிரியை 'டால், டாலர், டாலஸ்ட்' என்று ஒப்பிடும் சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். நீளமான சொல்லாக இருந்தால் முன்னால் 'மோர்', 'மோஸ்ட்' போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து ஒரே மாதிரியான மூன்று பொருள்களை மூன்று அளவில் எடுத்துவரச் சொன்னார். மற்றவர்கள் பென்சிலும் கரண்டியும் கொண்டுவந்தார்கள். நான் கத்திரிப்பூப் பாவாடை மூன்றையும் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாக இடுப்பில் வைத்துப் பிடித்து, 'லாங், லாங்கர், லாங்கஸ்ட்' என்று சொல்லி முடித்தபோது கடைசிப் பாவாடை தரையில் புரண்டது. இதில் உன்னுடையது எது என்று ஆசிரியை கேட்டார்.

"ஆல் த்ரீ, டீச்சர்" என்றேன். நான் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும், மறுபடி கேட்டார். "திஸ் இயர் திஸ் ஒன், நெக்ஸ்ட் இயர் திஸ் ஒன், ஆஃப்டர் தட் திஸ் ஒன் லா!" என்று எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வையும் ஒட்டி விளக்கினேன். வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது.

பெற்றோரைச் சந்திக்கும் நாளில் ஆசிரியை அதை அம்மாவிடம் சொன்னார். கெட்டிக்காரப் பதில் என்று பாராட்டியதாகத்தான் ஞாபகம். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத அம்மாவுக்கு மொழிபெயர்க்க வந்திருந்த பெரியக்கா, என்னைப்போலவே பாவாடையைப் பிடித்து நடித்துக் காட்டினாள். அம்மாவும் சிரித்தார். ஆனால் திரும்பும்போது பேருந்தில் என் பக்கம் பார்க்காமல் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். குடும்பத்து விஷயத்தைச் சபையில் வைத்துவிட்டேன், இனி கிளிப்பச்சையைக் கனவில்தான் பார்க்க வேண்டும் என்று பயந்துபோனேன்.

அடுத்த தீபாவளிக்குக் கடையில் பாய் எதுவும் கேட்காமலே கத்திரிப்பூத் துணியை எடுத்து விரித்தார். அம்மா அதை ஒதுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, ஒனக்கு என்னா கலருடி வேணும்?"

நான் கிளிப்பச்சையைக் காட்டினேன். எனக்கு மட்டும் பச்சை, அக்காமாருக்குக் கத்திரிப்பூ என்று மனம் கணக்குப் போட்டது. அம்மா பாயிடம், "இதுலயே மூணு பேருக்கும் கிழிங்க" என்றார்.

"அம்மா! ஸ்கூல் ஃபிரண்ட்ஸ் பார்த்தா சிரிப்பாங்க லா!" என்று பெரியக்கா குதித்தாள்.

"சிரிக்கட்டும். கடைசி வரைக்கும் அத உடுத்தப் போறவ அவதானே" என்றார் அம்மா.

அப்படியாக நான் ஆசைப்பட்ட நிறம் வருடக்கணக்கில் என்னிடமே வந்துகொண்டிருந்தது. பெரியக்காவின் பாவாடை என் இடுப்புக்கு வந்தபோது எனக்குப் பச்சையைக் கண்டாலே சலித்துவிட்டது. ஆனாலும் உடுத்திக்கொண்டேன்.

இப்போது பொங்கோலில் இருக்கிறேன். ஒரே மகள், வேண்டியதைக் கைப்பேசியில் வாங்கிக்கொள்கிறாள், போட்டதைக் கொடுக்க அவளுக்குக் கீழே ஆள் இல்லை. பாய் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். அம்மாவும் இல்லை. அவர் போனபின் வந்த தீபாவளிக்கு நாங்கள் மூவரும் தேக்காவுக்குப் போய், சொல்லிவைத்ததுபோல் கிளிப்பச்சையில் சுடிதார் துணி எடுத்தோம். தைக்கக் கொடுத்த இடத்தில் அளவெடுத்த பெண், "மூணு பேரும் ஒரே சைஸ்தான்க்கா" என்றாள். எங்களுக்குள் நீளமும் இல்லை, கட்டையும் இல்லை.

ரயில் நிலையத்தில் பிரியும்போது பெரியக்கா என் தோளைத் தட்டி, "நான் உடுத்திட்டு ஒனக்கே தர்றேன் லா" என்றாள். கிண்டல்தான் என்று தெரியும். ஆனாலும் காத்திருக்கிறேன்.