டிரம்மில் ஓடிய மோட்டார்

இது நடந்தது. கதை இல்லை. நள்ளிரவு, நாய் ஊளை, கிறீச்சிடும் கதவு, தலைவிரி கோலம்... இதெல்லாம் வேண்டுகிறவர்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். இங்கே அந்தச் சரக்கு கிடையாது. பட்டப்பகல். மண்டையைப் பிளக்கும் வெயில். படகுத்துறை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு பழைய படகு மோட்டார். அதன் எதிரே, உலகத்தில் ஒருவரையும் மதிக்காத ஒரு மெக்கானிக்.

துறையில் அவருக்கு உச்சுக்கொட்டி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் முதலில் 'ப்ச்' என்பார். பிறகுதான் பார்ப்பார். வேறொருவன் கைபட்ட மோட்டார் என்றால் இரண்டு 'ப்ச்'. மற்ற மெக்கானிக்குகள் அவருக்கு ஸ்பேனர் பிடித்த குரங்குகள். படகுக்காரர்கள் கயிறு இழுக்கிற ஜென்மங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கிழவர்கள். அவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கண்ணாடி, டூல்ஸ் பெட்டியின் அடியில் கிரீஸ் பூசிக்கொண்டு கிடந்தது.

இன்னொரு பழக்கம். கழற்றிய சின்ன ஸ்க்ரூக்களை உதட்டிடுக்கில் கவ்விக்கொள்வார். படகில் வைத்து மோட்டாரைப் பிரிக்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். கீழே வைத்தால் தண்ணீருக்குள் போய்விடும் அல்லவா? கரைக்கு வந்த பிறகும் அவரை அது விடவில்லை. வாயில் ஸ்க்ரூ இருக்கும்போது அவரிடம் மூன்றே பதில்கள். 'ம்' என்றால் சரி. 'ம்ஹூம்' என்றால் தப்பு. 'ப்ச்' என்றால், நீ எதற்கும் லாயக்கில்லாதவன்.

இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை மருமகன் அந்த மோட்டாரைத் தோளில் சுமந்து வந்து இறக்கினான். பெயின்ட் உரிந்து, மூடி கீறி, பார்க்கவே பாவமாக இருந்தது.

"பழைய இரும்புக் கடையில எடுத்தேன் மாமா. பதினஞ்சு குதிரை."

"ப்ச். இதுல பதினாலு குதிரை செத்துப் போச்சு மாப்பிள்ளை. மிச்சம் ஒண்ணும் நொண்டுது. எடை போட்டு வாங்குனீங்களா, இல்ல ஏமாந்து வாங்குனீங்களா?"

மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டான். மாமனார் வாயில் விழுந்து எழுவது அவனுக்குப் புதிதல்ல.

"இன்னிக்கு ஒரு நாள் ஓடினாப் போதும் மாமா. டாக்டர் சாயங்காலத்துக்குள்ள வந்து படுக்கச் சொல்லிட்டாரு."

மெக்கானிக் நிமிர்ந்தார். ஒரே மகள். நிறைமாதம். ஆஸ்பத்திரி கழிமுகத்துக்கு அக்கரையில். பாலத்தை மூடி வைத்திருந்தார்கள். குண்டும் குழியுமான சாலையில் சுற்றிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே பிரசவம் ஆகிவிடும். படகு ஒன்றுதான் வழி. ஆனால் நடுவில் கப்பல் போகும் தடம் இருக்கிறது. அங்கே மோட்டார் நின்றால் முடிந்தது. கப்பலுக்குச் சட்டென்று நிற்கத் தெரியாது. மேலே நிற்பவன் கண்ணுக்குச் சின்னப் படகு படக்கூடப் படாது.

"என்ன பண்ணுது இது?"

"மெதுவா போனா நல்லாத்தான் போகுது. முழுசா முறுக்கினா தும்முது... ரெண்டு தும்மல், அப்புறம் செத்துடுது. சோக்கைப் பாதி இழுத்துப் பிடிச்சா மறுபடி பிடிச்சுக்குது."

"இதுக்கு ஜோசியமா பாக்கணும்? காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. சோக் காத்தை அடைக்குது, அதனால ஓடுது. கார்ப்பரேட்டர்ல மெயின் ஜெட் அடைச்சிருக்கும். எந்தக் குரங்கு கைவெச்சுதோ!"

கார்ப்பரேட்டர் கழன்றது. அடியில் உள்ள கிண்ணம் கழன்றது. உள்ளே பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி பிசுபிசுத்துக் காய்ந்திருந்தது. மெயின் ஜெட் என்பது ஒரு பயறு அளவுள்ள பித்தளை ஸ்க்ரூ. நடுவே ஊசிமுனை ஓட்டை. முழு வேகத்துக்கு வேண்டிய பெட்ரோல் அத்தனையும் அந்த ஓட்டை வழியாகத்தான் போயாக வேண்டும். மெக்கானிக் அதை வாயில் வைத்து ஊதினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை தெரிந்தது. மாட்டினார். மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் தொங்கவிட்டுக் கயிறை இழுத்தார்.

பிடித்துக்கொண்டது. சீராக ஓடியது. தும்மல் இல்லை.

"தாலாட்டு மாதிரி இல்ல?"

"படகுல மாட்டி, தண்ணில ஒரு தரம் பாத்துரலாமா மாமா?"

"ஏன், டிரம்முல இருக்கிறது பின்ன பாலா?"

"சரி, அவளைக் கூட்டிட்டு நாலு மணிக்கு வந்துடறேன்" என்று மருமகன் கிளம்பினான்.

டிரம்மில் ஓடும் மோட்டார் எந்தப் படகையும் தள்ளுவதில்லை. சுமை இல்லாமல் சும்மா சுற்றுகிறது. மூட்டை தூக்கத் தெரியுமா என்று கேட்டால் கையை வீசி நடந்து காட்டுவது மாதிரி. இது உச்சுக்கொட்டிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் படகில் ஏறிச் சோதிப்பது கயிறு இழுக்கிற ஜென்மங்களின் வேலை. இவரோ மெக்கானிக்!

மதியம் மூன்று மணி. துறையில் ஈ காக்கை இல்லை. மோட்டார் டிரம்மில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

ப்ச்.

மெக்கானிக் மோட்டாரைப் பார்த்தார். தும்முகிறதா? முறுக்கினார். ஓடியது. விட்டார். ஓடியது.

ப்ச்.

எரிச்சலோடு மோட்டாரை நிறுத்தினார். கொட்டகை அமைதியானது. டிரம்மில் தண்ணீர் சலசலத்து அடங்கியது. தகரக் கூரை வெயிலில் 'டிக்' என்றது.

ப்ச்.

அவர் முதுகுக்குப் பின்னால். மிகவும் பக்கத்தில்.

திரும்பினார். யாரும் இல்லை. வெளியே போய்ப் பார்த்தார். காய்கிற வலை, கவிழ்த்து வைத்த படகு. அவருக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. ஊரில் 'ப்ச்' கொட்டுவதற்கு அவர் ஒருவருக்குத்தான் உரிமை.

"எவன்டா அது? நேர்ல வந்து பேசுடா!"

உள்ளே வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கார்ப்பரேட்டரை மறுபடி கழற்றினார். கிண்ணத்தைத் திறந்தார்.

அது நிறையத் தண்ணீர்.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கும். டேங்க்கிலிருந்து கொஞ்சம் பாட்டிலில் பிடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கிண்ணத்தில் இருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். டிரம் தண்ணீர் இல்லை. உப்புக் கரித்தது.

ஜெட்டைக் கழற்றி டப்பா மூடியில் போட்டார். துணி எடுக்கத் திரும்பினார். திரும்பி வந்தபோது மூடி காலி.

ஜெட் தரையில் கிடந்தது. நாலடி தள்ளி, சுவர் ஓரம்.

ஸ்க்ரூ உருளும், சரி. ஆனால் மேசை விளிம்பில் உருண்டு விழாதபடி சட்டம் அடித்திருந்ததே...

எடுத்து மூடியில் போட்டார்.

டிங்.

அவர் கண்ணெதிரே அது மூடியிலிருந்து துள்ளிக் கீழே போனது. பிடிக்காத சாப்பாட்டைத் தட்டிவிடுவது போல.

"ம்ஹூம்."

இப்போது காதருகில்.

அந்த ஒலி அவருக்குத் தெரியும். வாயைத் திறக்க முடியாத ஒருவனின் ஒலி. உதட்டிடுக்கில் எதையோ கவ்விக்கொண்டிருப்பவனின் ஒலி. வாழ்நாள் முழுக்க அவரே போட்ட ஒலி.

ஈர மண் வாடை அடித்தது. பெட்ரோல் வாடையையும் மீறி.

கழுத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ந்த சொட்டு. மேலே பார்த்தார். காய்ந்த தகரம்.

"என்ன... என்ன தப்பு?" குரல் அவருடையது மாதிரி இல்லை. "சொல்லித் தொலையேன்!"

"ம்ஹூம்."

ஜெட் அவர் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்தார். பெட்டியின் அடியில் துழாவிக் கண்ணாடியை எடுத்தார். சட்டையில் துடைத்தார். போட்டுக்கொண்டார்.

ஜெட்டின் தலையில் எண் பொறித்திருந்தது.

எண்பது.

இந்த மோட்டாருக்கு வேண்டியது நூற்றுப் பத்து.

சின்ன மோட்டாரின் ஜெட்! ஓட்டை அடைக்கவில்லை. ஓட்டையே சின்னது. டிரம்மில் யுகக்கணக்காய் ஓடும். நடுத்தடத்தில், இரண்டு பேரைச் சுமந்து, முழுசாக முறுக்கியதும் பெட்ரோல் போதாமல் இரண்டு தும்மல் தும்மி...

மகள் முகம் வந்து போனது.

வேறு ஜெட்டுக்கு எங்கே போவது? இந்த மோட்டார் வருவதே நின்றுபோய்ப் பல வருஷம். யாரிடமும் இருக்காது. தூரத்தில் மகளின் குரல் கேட்டது. "மெதுவா நடங்க, பையில துணி இருக்கு..."

டிங்.

மூடி.

காலியாக இருந்த மூடி.

உள்ளே ஒரு ஜெட்.

தவறானது அவர் கையில்தான் இருந்தது. இது வேறு. நனைந்திருந்தது. சேறு அப்பியிருந்தது. கட்டைவிரலால் துடைத்தார்.

நூற்றுப் பத்து.

பித்தளையில் இரண்டு பக்கமும் பள்ளம். யாரோ அழுத்திக் கடித்த மாதிரி...

யோசிக்கவில்லை. யோசித்தால் ஓடிவிடுவார். பெட்ரோலில் முக்கினார். வாயில் வைத்து ஊதினார். கார்ப்பரேட்டரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. பழக்க தோஷம். ஜெட்டைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டார்.

மண் ருசி.

மாட்டினார். முடுக்கினார். கிண்ணத்தை மூடினார்.

பின்னால், மிக மெல்ல...

"ம்."

அவர் திரும்பவில்லை.

வாசலில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னப்பா இது, கண்ணாடியெல்லாம்? கண்ணு டாக்டர்கிட்ட தோத்துட்டீங்களா?"

"ம்" என்றார் அப்பா. "மோட்டாரைப் படகுல மாட்டுங்க மாப்பிள்ளை. நானும் வர்றேன்."

மாமனார் படகில் ஏறுவதை மருமகன் வாய் பிளந்து பார்த்தான்.

நடுத்தடம் வந்தது. வலது பக்கம் தூரத்தில் கறுப்பாக ஒரு கப்பல், சுவர் மாதிரி வளர்ந்துகொண்டிருந்தது. மருமகன் திராட்டிலை முழுசாக முறுக்கினான். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கு தூக்கிப் படகு பாய்ந்தது. ஒரு தும்மல் இல்லை. அக்கரை வரை ஒரே சுருதி. அன்று இரவே பேத்தி பிறந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லவே வேண்டியிருக்காது.

சில வாரம் கழித்துப் பழைய இரும்புக் கடைக்காரர் கொட்டகைப் பக்கம் வந்தார். மெக்கானிக் வேறொரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாயில் ஸ்க்ரூ.

"என்னண்ணே, நம்ம மோட்டார் பிச்சுக்கிட்டுப் போகுதாமே?"

"ம்."

"ஆச்சரியமா இருக்கு. அதுல மெயின் ஜெட்டே இல்லாம வந்துச்சு. சின்ன மோட்டார்ல ஒண்ணைக் கழட்டி நான்தான் ஒப்புக்குப் போட்டு வித்தேன். கோவிச்சுக்காதீங்க. வியாபாரம்!"

"ப்ச்."

"அதை வெச்சிருந்த படகுக்காரன் உங்களுக்கு மேல திமிரு பிடிச்சவண்ணே. எந்த மெக்கானிக்கையும் மோட்டாரைத் தொட விடமாட்டான். 'அவனுங்க டிரம்முல ஓட்டிக் காட்டிட்டு ஆளை அனுப்பிடுவானுங்க'ம்பான். எல்லாம் அவனே பிரிப்பான். போன வருஷம் நடுத்தடத்துல மோட்டார் நின்னுருக்கு. அங்கயே கார்ப்பரேட்டரைத் திறந்து, ஜெட்டைக் கழட்டி வாயில வெச்சிருக்கான். கப்பல் அலை வந்து கவுத்துடுச்சு."

மெக்கானிக்கின் கை நின்றது.

"படகு அன்னிக்கே கிடைச்சிடுச்சு. ஆளு ரெண்டு நாள் கழிச்சுத்தான். பல்லு அப்படியே கிட்டிச்சுப் போயிருந்துச்சு. நடுவுல பித்தளை பளபளன்னுது. யாரு என்ன பண்ணியும் எடுக்க முடியலை. கிடக்கட்டும்னு அதோடவே புதைச்சாங்க. நானும் ஒரு கைப்பிடி மண்ணு போட்டேன்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அதான் கேக்குறேன். வேற ஜெட் உங்களுக்கு எங்கண்ணே கிடைச்சுது?"

மெக்கானிக் வாயிலிருந்த ஸ்க்ரூவை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார். பதில் சொல்ல முயன்றார்.

வாயில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் பல் திறக்கவில்லை.

"ம்ஹூம்" என்றார்.

நாக்கில் மண் கரித்தது.