மிஸ்பயர்

அப்பாவின் சட்டையில் வெடிமருந்து வாசம் தித்திப்பாக இருக்கும். ஆசையாக முகர்ந்தால் அன்று முழுக்கத் தலைவலிதான். மாரிகுப்பத்துத் தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிறவர் அவர். திரியைக் கொளுத்திவிட்டு எட்டிப் போய் நின்று சத்தங்களை எண்ணுவார்களாம். ஒரு சத்தம் குறைந்தால் ‘மிஸ்பயர்’. துளைக்குள் ஒரு வெடி வெடிக்காமல் கிடக்கிறது, நேரம் கழியும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது என்று அர்த்தம்.

வெளியூர்க்காரர்கள் உருப்படாமல் போன காரியத்தை அப்படிச் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்! சுரங்கத் தொழிலாளர்களான எங்கள் லைன் வீடுகளில் முறைத்துக்கொண்டு மூலையில் உட்காரும் மாமியார் ‘மிஸ்பயர்’, பொங்காமல் மிரட்டும் பால்கூட ‘மிஸ்பயர்’. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்தால், அம்மா எங்களை வாசலிலேயே மடக்கி, “உங்கப்பா மிஸ்பயரா கீறாரு, கிட்ட போவாதீங்க” என்பாள். அதன்பிறகு எங்கள் வீட்டுப் பூனைகூட அடக்கமாகத்தான் நடக்கும்.

கனகா அக்காவுக்கு வேலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்ததும் அப்பா அப்படி உட்கார்ந்தார். அக்காவுக்கு வேண்டியதெல்லாம் அவர் வாயால் ‘போய்ட்டு வா’ என்ற ஒரு சொல். காபித் தம்ளரோடு கதவுவரை போவாள், அம்மா கண்ணைக் காட்டுவாள், திரும்பி வந்துவிடுவாள். கடைசியில், வெடித்துக் கிடித்து வைக்கப்போகிறார் என்று பயந்து, அவர் ஷிப்டில் இருக்கும்போதே மாமாவோடு அவளை ரயிலேற்றிவிட்டோம். ரயில் நகரும்வரை அவள் சுரங்கத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா தோளில் ஒரு புதுத் தகரப்பெட்டியோடு வந்தார். ஆண்டர்சன்பேட்டையில் அவளுக்காக வாங்கியது. விஷயம் தெரிந்ததும் பெட்டியை இறக்காமலே நின்றார்.

“கோவம்னு யாரு சொன்னா?” என்றார் அம்மாவிடம். “பொண்ணு போவுதேன்னு தொண்ட அடச்சிக்கினு இருந்திச்சி. அவ்ளோதான்.”

அக்கா லீவுக்கு வந்தாள், போனாள். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவேயில்லை. அப்பா போய்ச் சேர்ந்தார். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். சங்கு ஊதுவதில்லை. என் பேரப்பிள்ளைகளுக்கு மிஸ்பயர் என்றால் ஓடாத சினிமா. எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே அந்த லைன் வீட்டுக்கு மனசு ஏங்குகிறது.

பெட்டி என்னிடம் இருக்கிறது. போன மாதம் வந்த அக்கா அதைத் திறந்து, தலையை உள்ளே விட்டு முகர்ந்தாள். பாச்சை உருண்டை வாசம்தான்.

“கிட்ட போயிருக்கலாம்டி” என்றாள்.

அவளுக்குத் தலை வலிக்கவில்லை.