சிலோனுக்குப் போன என் கையெழுத்து

காய்ந்த மணலில் எழுத்து நிற்காது. அதனால் வாத்தியார் முதலில் தண்ணீர் தெளிக்கச் சொல்வார். அந்த ஈர மணலின் வாசனையும், நகக்கண்ணில் ஏறிய பொடியின் உறுத்தலும்... தொண்ணூறு தாண்டிய பிறகும் விரலை விட்டுப் போகவில்லை.

இந்தக் குழுவில் கொஞ்ச நாளாக ஆளாளுக்குப் பழைய தபால் கவர் படம் போட்டு, அது ஒரு பொற்காலம் என்று உருகுகிறீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பேரனைப் பிடித்து உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல போனில் அடி என்றேன்.

எங்கள் ஊர் இராஜாக்கமங்கலம் பக்கம். நான் சொல்வது 1930களின் நடுவில் நடந்தது. பாதி வீட்டு ஆண்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள், என் அப்பாவும்தான். அம்மாக்களுக்கு எழுத்து தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் அவர்கள் போய்க் கேட்டது ஒன்றே ஒன்று.

"வேற ஒண்ணும் படிப்பிக்காண்டாம் சாரே. கவருல விலாசம் எழுத மட்டும் படிப்பிச்சுக் குடும்."

அதனால் மூன்றாம் கிளாஸில் ஆளுக்கொரு கவர் மணலில் வரைவோம், பாய் அகலத்துக்கு. உள்ளே அவரவர் அப்பாவின் பெயர், தோட்டம், தபாலாபீஸ், கடைசியில் சிலோன். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. அந்த நாலு வரிக்கு வெளியே எனக்கு இங்கிலீஷே கிடையாது.

பக்கத்திலேயே கவரின் பின்பக்கம் என்று இன்னொன்று வரைந்து, எங்கள் ஊர் விலாசத்தையும் எழுதாமல் வாத்தியார் விடமாட்டார். என் பக்கத்தில் எழுதும் தாசம்மை ஒருநாள் கேட்டாள்.

"அது எதுக்கு சாரே? நம்ம ஊரு அப்பாக்குத் தெரியாதா?"

"ஆளு கெடைக்கலேன்னா திரும்பி வரணும்லா பிள்ளே."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பா எப்படிக் கிடைக்காமல் போவார்!

திருவிதாங்கூர் அஞ்சல் பெட்டி ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அது மகாராஜாவின் சீமைக்குள் போகிற கடிதத்துக்கு. சிலோன் என்றால் பிரிட்டிஷ் தபாலில்தான் போடவேண்டும். அம்மாவும் நானும் கோட்டாறு வரை நடப்போம். கவரைப் போட்ட பிறகும் அம்மா பெட்டியைத் தட்டிப் பார்ப்பாள்... உள்ளே விழுந்துவிட்டதா என்று.

அந்த வருஷம் சிலோனில் காய்ச்சல், ஆட்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள் என்று பேச்சு வந்தது. அப்பாவிடமிருந்து கடிதம் நின்றுபோயிற்று. அம்மா சோறு தின்பதை விட்டாள். ஒரு வரி பதில் போட்டால் போதும் என்று வாத்தியாரை விட்டு அப்பாவுக்கு எழுதவைத்தாள். கவர் எழுதியது நான்.

வெகுநாள் கழித்து ஒரு மத்தியானம் தபால்காரர் வந்தார். அம்மா உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள். சிலோன் முத்திரையைப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு.

"வந்துட்டு! அவருக்க கடுதாசி வந்துட்டு!"

தெருவுக்கே கேட்டது. கவரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். தபால்காரர் நிற்காமல் போய்விட்டார். பாவி மனுஷன், அவருக்குத் தெரிந்திருக்கும்.

நான் எட்டிப் பார்த்தேன். அது என் கையெழுத்து.

அப்பாவின் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் நான் படிக்காத ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

"அம்மா... இது நம்ம அனுப்புனதாக்கும்."

பளாரென்று ஒரு அறை விட்டாள். பிறகு அந்தக் கையாலேயே என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினாள். அவர் ஓரத்து வார்த்தையைப் படித்தார்.

"கர்த்தர் எடுத்துக்கிட்டாரு தங்கச்சி."

"இல்ல சாரே. இவ தெத்தாட்டு எழுதியிருப்பா. வேற எவனுக்கோ போயிருக்கும். எட்டு வயசுப் பிள்ளைக்க எழுத்த வச்சு எனக்க மாப்பிள செத்துட்டாருன்னு சொல்லுதியளா?"

"ஆமா சார், நான் தெத்தாட்டுதான் எழுதுனேன்" என்றேன். சத்தியமாகத் தப்பாகத்தான் எழுதியிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதி, அப்பா முதல் கடிதத்தோடு அனுப்பிய விலாசத் துண்டு ஒன்று அம்மாவின் முந்தானை முடிச்சில் எப்போதும் இருக்கும். அதை அவிழ்த்து, கவருக்குப் பக்கத்தில் தரையில் விரித்தாள். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, ஒரு விரலைத் துண்டிலும் ஒரு விரலைக் கவரிலும் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டாள். இந்த வளைவுக்கு அந்த வளைவு, இந்தக் கோட்டுக்கு அந்தக் கோடு. வாத்தியார் தடுக்கவில்லை. ஒரு எழுத்தாவது மாறியிருக்கணுமே ஆண்டவரே என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாலு வரியும் முடிந்தன. நான் கண்ணைத் திறந்தபோது அம்மா அப்படியே தரையில் சாய்ந்து கிடந்தாள்.

அடுத்த வாரம் வாத்தியார் மணலில் ஒரு புது வார்த்தை எழுதிப் போட்டார். என் கவரின் ஓரத்தில் இருந்த அதே வார்த்தை. தாசம்மையும் மற்றவர்களும் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள்.

"இத நல்லா பாத்து வச்சுக்கிடுங்க மக்கா. இது எழுதின கவரு வந்தா அம்மைக்கிட்ட குடுக்காண்டாம். நேரா எனட்ட கொண்டு வாங்க."

அந்த வருஷம் அவரிடம் இன்னும் சில கவர்கள் வந்தன. தாசம்மையும் ஒன்று கொண்டுவந்தாள்.

இப்போது சாவுச் செய்தியைப் பெரியவர்கள் பெரியவர்களுக்குப் போனில் சொல்கிறார்கள். பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள். நல்லது, அப்படியே இருக்கட்டும்.

பிற்காலத்தில் எனக்கு முத்து முத்தான கையெழுத்து என்று பெயர். கல்யாணப் பத்திரிகைக் கவர் எழுத ஊரே என்னைத்தான் தேடி வரும். யார் புகழ்ந்தாலும் எனக்குச் சந்தோஷமே வந்ததில்லை... அன்றைக்கு ஒரே ஒரு எழுத்தைப் பிசகி எழுதியிருந்தால், அம்மா அப்பாவை இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருப்பாள்.