சகலையின் எவர்சில்வர் குழாய்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். பத்தொன்பது வருடமாக நீராவிக் குழாய்களோடு குடித்தனம். எந்தக் குழாய் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். அதனால் தெருவிலும் வேலையிடத்திலும் எல்லோருக்கும் அவர் ‘பாய்லர்’தான்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், தன் பழைய காருக்கு டர்போ வைப்பது. இன்ஜின் கக்கும் புகையின் வேகத்திலேயே சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற சாமான் அது. நொறுங்கிய வேன் ஒன்றிலிருந்து கழற்றியதைப் பழைய இரும்புக் கடையில் பிடித்து வந்திருந்தார். மிச்சம் குழாய் வேலைதான். காற்று போகிற பக்கம் சூடு குறைவு, அலுமினியம் போதும். புகை வருகிற பக்கம் தணலாய்ச் சிவக்கும். டர்போவின் எடையும் அந்தக் குழாயில்தான் தொங்கும். அதற்குக் கனத்த கறுப்பு நீராவிக் குழாயே சரி என்று முடிவு செய்து, வளைவுகளை வாங்கிச் சாக்கில் கட்டிக் கொட்டகையில் வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். மனைவியின் தங்கை புருஷன், இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர். ஸ்பேனர் பிடிக்கக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. வாசலில் காரை நிறுத்தி பானெட்டைத் திறந்தார். உள்ளே டர்போவும் குழாய்களும் பளபளவென்று மின்னின.

“முழுக்க எஸ்.எஸ். அண்ணே. ரெடிமேடா வாங்கி மாட்டிட்டேன்.”

“அடேங்கப்பா, கழுவிக் கவுத்த எவர்சில்வர் குடம் மாதிரி இருக்கே!” என்றாள் பாய்லரின் மனைவி.

பாய்லரின் கொட்டகைப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்க்காத மாமனார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “சின்ன மாப்பிள்ளைக்குக் கைராசி” என்றார்.

நாலு நட்டு முடுக்கினவனுக்குக் கைராசியா? பாய்லருக்கு அடிவயிற்றிலிருந்து புகைந்தது. வாயில் வந்தது என்னவோ, “நல்லாருக்கு சகல” என்பதுதான்.

மறுநாள் குழாய்க் கடைக்குப் போய், மெல்லிய எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர் குழாய் கேட்டார். கடைக்காரர் விழித்தார்.

“என்ன பாய்லர், இது சூட்டுல இரும்பவிட அதிகமா நீளும், மெல்லிசு வேற. டர்போவத் தொங்கவிட்டா விரிசல் விட்டுருமே. நீங்கதானே எனக்கு இதச் சொல்லிக்குடுத்தீங்க?”

“அது ஊருக்குச் சொன்னது. எடுத்துப் போடுங்க.”

அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு அணைக்கட்டுக்குப் போவதாகப் பேச்சு. அதற்குள் முடிக்க வேண்டும் என்ற வெறியில், எஸ்.எஸ். வெல்டிங் செய்யும்போது உள்பக்கம் கருகாமலிருக்கக் குழாய்க்குள் வாயு நிரப்பும் வேலையை விட்டுவிட்டார். வெளியே வெல்டிங் பற்று வரிசை வரிசையாக அழகாகத்தான் விழுந்தது. உள்ளே விரலை விட்டால் கருகிய சர்க்கரைபோல நெறுநெறுத்தது. அது அவருக்கு மட்டும் தெரியும்.

ஞாயிறன்று மாமனார் சகலையின் காரில் ஏறிக்கொண்டார். அதுவே போதும். மேட்டுச் சாலையில் பாய்லர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். டர்போ விசிலடித்தது. பின்கண்ணாடியில் சகலையின் கார் சுருங்கிச் சுருங்கித் தீப்பெட்டியானது.

“மெதுவாப் போங்க, அவங்க பின்னாடி வராங்கல்ல?” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

“வரட்டும். முடிஞ்சா வரட்டும்.”

அடுத்த வளைவில் டப்பென்று ஒரு சத்தம். பானெட்டுக்குள் படபடவென்று புகை சீறியது. கார் ஓரமாக நின்றது. டர்போவுக்கு மேலே பற்றை ஒட்டியே குழாய் வாய் பிளந்திருந்தது.

சகலையின் காரும் வந்து நின்றது. அவர் சிரிக்கப்போகிறார் என்று பாய்லர் பல்லைக் கடித்துக் காத்திருந்தார். சகலை அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

“அண்ணே, மாமாகிட்ட சொல்லிடாதீங்க. என்னுது ரெண்டு தடவ விரிஞ்சிருச்சு, ஒட்டவெச்சு ஓட்டிட்டிருக்கேன். அன்னிக்கு உங்க கொட்டகையில சாக்குல கறுப்புக் குழாயப் பாத்ததுமே, இதுதான் சரின்னு புரிஞ்சிருச்சு. கேக்கத்தான் மனசு வரல. எல்லாத்தையும் நீங்க சொந்தக் கையாலயே செய்றீங்களேன்னு எனக்கு ஒரே வயித்தெரிச்சல்.”

தன்னைப் பார்த்தும் ஒருவன் எரிவான் என்று பாய்லர் நினைத்ததே இல்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்ததை மறைத்துக்கொண்டு, “அடுத்த வாரம் வண்டியக் கொண்டாங்க” என்றார்.

கார் ஊர்ந்து ஊர்ந்து வீடு திரும்பும்போது மனைவி விஷயத்தைக் கறந்துவிட்டாள். “புலியப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கும்னு கேட்டிருக்கேன். பூனையப் பாத்துப் புலி போட்டுக்கிட்டத இன்னிக்கித்தான் பாத்தேன்” என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

இரண்டே வாரத்தில் கறுப்புக் குழாயில் இரண்டு ஜோடி செய்தார். ஒன்று தனக்கு, ஒன்று சகலைக்கு. ஒரே கனம், ஒரே வளைவு. இரண்டும் துருப்பிடித்துப் பழுப்பேறின, ஆனால் வருடங்கள் ஓடியும் விரியவில்லை. மாமனார் மட்டும் சீட்டு மெத்தென்று இருப்பதாகச் சொல்லி இன்னமும் சின்ன மாப்பிள்ளை காரில்தான் போகிறார்.

சகலையின் கார் தெருமுனை திரும்பும்போது அதன் விசில் இன்னும் கொஞ்சம் இனிமையாகக் கேட்பதாகப் பாய்லருக்குத் தோன்றும். அவனுக்குத்தான் நன்றாகச் செய்து தொலைத்துவிட்டோமோ என்று அன்றைக்கு முழுக்கப் பொருமிக்கொண்டிருப்பார்.