பெயர் கேட்காத இடம்

அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் விலாசச் சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பிக்கொண்டிருக்கிறார் ஓரெஸ்ட் திமித்ருக். அந்த நகம் தடித்து, மஞ்சளித்து, உளி மாதிரி இருக்கும். சீட்டு கையோடு வந்ததும் பொடிப்பொடியாகக் கிழித்து, ஆறிப்போன காபியில் ஊறப்போட்டுக் கூழாக்குகிறார். பெட்டியில் வந்திருப்பது ஒரு ஜோடி கம்பளிக் காலுறை.

மாத்திரை டப்பாக்களுக்கும் இதே கதிதான். மருந்துக்கடையில் ஒட்டித் தரும் சீட்டை வீடு வந்து சேருமுன் உரித்துவிடுவார். ஒருமுறை ரத்த அழுத்த மாத்திரையையே மறுபடியும் விழுங்கிக் குளியலறையில் சரிந்தார். அதிலிருந்து அக்கா வெர்னா மூடிகளில் நூல் சுற்றி வைக்கிறாள். சிவப்பு காலையில், நீலம் படுக்கப்போகும்போது. நல்ல ஏற்பாடுதான், நூல் அவிழாதவரை.

ஓய்வு பெறும்வரை அவருக்குக் கனடாவின் வின்னிபெக் நகரில் ஆள் தேடும் வேலை. சாட்சி சொல்லப் பயந்து ஒளிந்தவர்களை வக்கீல்களுக்குத் தேடிக் கொடுப்பார். "பதுங்கத் தெரிஞ்சவன் எவனும் இல்லை," என்பார். "ஒருத்தன் மூணு ஊர் மாறினான், மீசையை எடுத்தான், பொண்டாட்டிகிட்டகூட சொல்லலை. தூண்டில் வாங்கின பெட்டியை விலாசச் சீட்டோட அப்படியே குப்பைல போட்டான். முடிஞ்சுது சோலி."

அந்தத் தப்பைத் தான் செய்வதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. குடியிருப்பது அக்கா வீட்டின் அடித்தள அறையில். மின்சாரம், தண்ணீர், எல்லாம் அவள் பெயரில். கைபேசி ரொக்கத்துக்கு வாங்கியது. மடிக்கணினியின் கேமரா மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி. கோப்பையில் எழுதப் பெயர் கேட்கும் காபிக் கடையில் நாளுக்கொரு பெயர் சொல்வார். அங்கிருக்கும் பெண் இப்போதெல்லாம், "இன்னைக்கு நீங்க யாரு சார்?" என்றுதான் கேட்கிறாள்.

இப்படிப்பட்டவருக்கு இணையத்தில் கண்டெடுத்த ஒரு பிட்காயின் சூதாட்டத் தளம் சொந்த ஊர் மாதிரி இருந்தது. பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், நாணயம் இருந்தால் பகடை உருட்டலாம். பெரும்பாலும் தோற்றார். அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. யாரும் பெயர் கேட்காததே அவருக்குப் பாதி போதை.

"நானும்தான் பிங்கோ ஆடுறேன்," என்பாள் வெர்னா. "நாலு பேர் பாக்க ஆடுறேன். பரிசா வான்கோழி ஜெயிச்சப்ப பேப்பர்ல போட்டோ வந்துச்சு. நீ என்னடான்னா எலி மாதிரி கீழ உக்காந்து உருட்டுற."

அக்டோபர் கடைசியில் ஜெயித்தார், பெரிய தொகை. அதே வாரம் வீட்டைச் சூடாக்கும் உலை இருமத் தொடங்கியது. பார்க்க வந்தவர் இந்தக் குளிர்காலத்தை இது தாண்டாது என்று சொல்லிப் போனார். வெர்னாவுக்கு நெஞ்சு சளி, குளிர் ஆகாது. "புது உலை நான் வாங்கித் தரேன்," என்று ஓரெஸ்ட் வாக்குக் கொடுத்துவிட்டு, பணத்தை எடுக்கத் தளத்தின் பொத்தானை அழுத்தினார்.

நீங்கள் யார் என்று கேட்டது தளம்.

ஓட்டுநர் உரிமம் வேண்டும். முகத்தோடு படம் வேண்டும். இருக்கும் வீட்டு விலாசத்தில் அவர் பெயருக்கு வந்த பில் ஒன்று வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் ஜெயித்தது ரத்து. திரையில் உதவிக்கு வந்த ஆளிடம், "முதல்ல உன் பேரைச் சொல்லு," என்று தட்டச்சு செய்தார். பாதுகாப்புக் காரணங்களால் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. "கெட்டிக்காரப் பய," என்று முனகினார்.

பழைய தொழில் கைகொடுக்கும் என்று உட்கார்ந்து தன்னையே தேடினார். எந்தப் பதிவிலும் ஓரெஸ்ட் திமித்ருக் இந்த வீட்டில் இல்லை. கொஞ்ச நேரம் மார்பு நிமிர்ந்திருந்தது. அப்புறம் விஷயம் உறைத்தது.

வெர்னா மாதாகோவில் விருந்துக்குப் பெரோகி மடித்துக்கொண்டிருந்தாள். மாவுக்குள் உருளைக்கிழங்கை வைத்து ஓரத்தைக் கிள்ளியபடியே அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"ஆக, நீ இந்த வீட்ல இருக்கேங்கிறதுக்கு உன் குறட்டை ஒண்ணுதான் சாட்சி."

"அக்கா, கிண்டல் பண்ணாத."

"தண்ணி பில்லுல உன் பேரையும் சேத்துட்டாப் போச்சு. நாளைக்கு கிளம்பு."

"அவங்க கணக்குல ஏறிட்டா அப்புறம் எடுக்கவே முடியாதுக்கா."

"எனக்கு மட்டும் குளிர் ஏறினா எடுக்க முடியுமாடா?"

மறுநாள் நகராட்சி அலுவலகத்தில் வரிசை நீளம். சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பெயர் கேட்டார். ஓரெஸ்ட் சொன்னார். கேட்கவில்லை என்றார் அவர். மறுபடி சொன்னார், அதுவும் மீசையைத் தாண்டி வரவில்லை. வெர்னா அவர் தோளுக்கு மேலாக எட்டி, "ஓரெஸ்ட் திமித்ருக்! என் தம்பி! என் வீட்ல கீழ்த்தளத்துல இருக்கான்!" என்று கத்தினாள். பின்னால் நின்ற ஒருவர், "வணக்கம் ஓரெஸ்ட்," என்றார். சிலர் சிரித்தார்கள். ஓரெஸ்ட் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் பில்லை வாங்காமல் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கேமராவின் பிளாஸ்திரியை உரித்தார். இருந்த இடத்தில் சதுரமாகப் பசை. ஒரு கையில் உரிமம், மறு கை பொத்தானில், அதனால் பில்லை வெர்னா பிடித்துக்கொண்டாள். படத்தில் இரண்டு பேர் இருப்பதாகத் தளம் திருப்பி அனுப்பியது. "ஒருத்தனைக் கண்டுபிடின்னா ரெண்டு பேரைக் காட்டுறியேடா," என்று சிரித்து, அவள் மேசைக்கடியில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டினாள். எழுந்திருக்க அவருடைய முழங்காலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மத்தியானம் வெர்னா மேலே இருந்தாள். உலை இருமி நின்று, மறுபடி பற்றியது. தளத்திலிருந்து செய்தி வந்தது. சரிபார்த்தாகிவிட்டது, தொகை அனுப்பப்பட்டது. அதற்கு மேலே, இதுவரை வெறும் எண் இருந்த இடத்தில், வணக்கம் ஓரெஸ்ட் திமித்ருக் என்று எழுதியிருந்தது.

"டேய், வந்துச்சா இல்லையா?" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

"வந்துருச்சுக்கா. உலைக்காரனுக்குப் போன் போடு."

சொல்லிவிட்டுத் திரைக்குக் குனிந்தார். பெயரின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து, கண்ணாடியை மெல்லச் சுரண்டிப் பார்த்தார்.